தாவீது மறுபடியும் விசாரித்தான்

இஸ்ரவேல் முழுவதற்கும் தாவீது ராஜாவாக அபிஷேகம்பண்ணப்பட்டான் என்ற செய்தி பெலிஸ்தருக்கு எட்டியது. அவர்கள் திரண்டு வந்து ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பரவினார்கள். இரண்டாம் சாமுவேல் 5-ஆம் அதிகாரம் இந்நிகழ்ச்சியை 17-ஆம் வசனம் தொடங்கி ஒன்பதே வசனங்களில் கூறி முடித்துவிடுகிறது. விரைந்து வாசிக்கிறவர்கள் இதையும் மற்றுமொரு யுத்தச் செய்தியாகக் கருதிக் கடந்துபோவதுண்டு.

பெலிஸ்தரோடு போரிடுவது எப்படி என்று தாவீதுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இளம் பிராயத்திலேயே கோலியாத்தை வீழ்த்தியவன் அவன். சவுலின் சேனைக்குத் தலைவனாயிருந்த காலத்தில் அவர்களைப் பலமுறை முறியடித்தவன். சவுலுக்குத் தப்பி ஓடிய நாட்களில், ஆகீஸ் ராஜா கொடுத்த சிக்லாகிலே தங்கி, பெலிஸ்தரின் நாட்டிலேயே ஒரு வருஷமும் நாலு மாதமும் குடியிருந்தவன். அவர்களுடைய ஆயுதங்களையும் அணிவகுப்பையும் அவர்கள் மத்தியிலிருந்தே கண்டறிந்தவன். அவ்வளவு அனுபவமிருந்தும், போகலாமா என்று அவன் கர்த்தரிடத்தில் விசாரித்தான். போகும்படி உத்தரவு கிடைத்தது. உடைத்துக்கொண்டு பாயும் வெள்ளத்தைப்போல் அந்த வெற்றி வந்தது. அதனால் அந்த இடத்துக்குப் பாகால்பிராசீம் என்று பேர் வழங்கிற்று. பெலிஸ்தர் தங்கள் விக்கிரகங்களையும் போட்டுவிட்டு ஓடினார்கள்.

சில காலம் சென்று பெலிஸ்தர் மறுபடியும் வந்தார்கள். சத்துருவும் மாறவில்லை, பள்ளத்தாக்கும் மாறவில்லை. முன்பு கிடைத்த தேவ உத்தரவு தாவீதின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். இம்முறை கேட்பதற்கு என்ன இருக்கிறது? கர்த்தர் ஏற்கனவே சொல்லிவிட்டார், அவர் சொன்னது பலித்தும்விட்டது. நேற்றைய வெற்றியை இன்றைக்கும் செய்து காட்டுவதே விசுவாசம் என்று சேனைத்தலைவர்கள் எவரேனும் சொல்லியிருந்தாலும், அதை மறுத்துப் பேசுவது கடினமாயிருந்திருக்கும். தாவீதோ மறுபடியும் விசாரித்தான்.

இம்முறை உத்தரவு வேறாக வந்தது. நேராய்ப் போகவேண்டாம், அவர்களுக்குப் பின்னாலே சுற்றி, முசுக்கட்டைச் செடிகளுக்கு எதிரே இருந்து பாயவேண்டும். அந்தச் செடிகளின் நுனிகளில் நடமாட்டத்தின் இரைச்சலைக் கேட்கிறவரைக்கும் அசையக்கூடாது. போர்முனையில் நிற்கும் ஒரு ராஜாவுக்கு இது எளிதான கட்டளையன்று. ஆயுதம் தரித்த வீரர்கள் மறைந்து நிற்க, சத்துரு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க, இலைகளின் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஓசை எப்பொழுது வரும் என்று சொல்லப்படவில்லை. முதல்முறை நேருக்குநேர் சென்று வென்ற வீரர்களுக்கு இந்தச் சுற்றுவழி கோழைத்தனமாகக்கூடத் தோன்றியிருக்கலாம். தாவீது தனக்குச் சொல்லப்பட்டபடியே செய்தான். கேபா துவக்கிக் கேசேர் எல்லைமட்டும் பெலிஸ்தர் முறியடிக்கப்பட்டார்கள்.

அவன் விசாரியாமல் முதல்முறை போலவே சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று வேதம் கூறவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நேற்று தேவன் காட்டிய வழி இன்று தேவன் வேண்டாமென்ற வழியாக இருந்தது.

தாழ்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் குனிந்த தலையும் மெல்லிய குரலும் நினைவுக்கு வருகின்றன. சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர் தாம் ஒன்றுமில்லை என்று தொடங்குகிறார். அப்படித் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதே மனிதர் கூட்டத்துக்குத் தேதி குறித்து, பேச்சாளரை அழைத்து, துண்டுப்பிரதிகளை அச்சிட்டு, பந்தலுக்கு முன்பணமும் கொடுத்த பிறகு, கர்த்தர் ஆசீர்வதிக்கும்படி ஊக்கமாக ஜெபிக்கச் சொல்கிறார். அங்கே ஜெபம் முடிந்துபோன காரியத்தின்மேல் குத்தப்படும் முத்திரையாகிவிடுகிறது. ஒருவேளை தேவன் வேண்டாமென்று சொன்னால், அதைக் கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே வைக்கப்படவில்லை. தாவீதின் தாழ்மை வாயின் வார்த்தையில் இல்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த காரியத்தில் தெரியாதவனைப்போல் கேட்டதில் இருந்தது. தெரியாத காரியத்தில் எவனும் கேட்பான்.

கேளாமற்போனவர்கள் எல்லாரும் அஜாக்கிரதைக்காரர் என்று எண்ணுவதும் தவறு. யோசுவாவின் புஸ்தகம் 9-ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் தந்திரமாய் வந்தபோது, இஸ்ரவேலின் தலைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. எங்களுக்குச் சமீபத்தில் குடியிருக்கிறவர்களோ என்று சந்தேகித்தார்கள். யார், எங்கிருந்து வந்தீர்கள் என்று யோசுவா வினவினான். பூசணம் பூத்த அப்பத்தையும், கிழிந்துபோன திராட்சரசத் துருத்திகளையும், பழுதுபார்த்த பாதரட்சைகளையும் கண்டார்கள். அவர்களுடைய போஜனபதார்த்தத்தை வாங்கியும் பார்த்தார்கள். ஒரு நல்ல அதிகாரி செய்யத்தக்க விசாரணை அது. சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தின. கர்த்தருடைய வாக்கைக் கேளாமற்போனார்கள் என்பதைமட்டும் வேதம் குறையாகச் சொல்லுகிறது. இத்தனைக்கும் ஆசாரியனாகிய எலெயாசாரின் மூலம் ஊரீமினால் விசாரிக்கவேண்டும் என்ற ஒழுங்கு யோசுவாவுக்கு மோசேயின் காலத்திலேயே கொடுக்கப்பட்டிருந்தது. கேட்கும் வழி அருகிலேயே இருந்தது. அப்பம் பழையதா என்று பார்ப்பதற்கும் தேவசமுகத்தில் போய் நிற்பதா என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். சிறிய காரியம் என்று தள்ளப்படுகிற இடத்தில்தான் பெரும்பாலும் கால் சறுக்குகிறது.

அந்த ஒரு கேளாமையின் விளைவு பல தலைமுறைகளைத் தொடர்ந்தது. கிபியோனியருக்குக் கொடுத்த ஆணையை இஸ்ரவேலர் மீற முடியவில்லை. பிற்காலத்தில் சவுல் அந்த ஆணையை மதியாமல் அவர்களை வெட்டினான். அதன் நிமித்தம் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் ஓயாத பஞ்சம் உண்டாயிற்று. இரண்டாம் சாமுவேல் 21-ஆம் அதிகாரத்தில், பஞ்சத்தின் காரணத்தை அறியத் தாவீது கர்த்தருடைய சமுகத்தில் விசாரித்தான் என்று வாசிக்கிறோம். யோசுவா விசாரியாமல் விட்ட காரியம் தாவீது விசாரித்தபோது வெளிப்பட்டது.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் இருமுறை விசாரித்த தாவீது, அதன்பின் இந்தப் பஞ்சகாலம்வரை வழிகேட்டு விசாரித்ததாக இரண்டாம் சாமுவேலில் ஓரிடத்திலும் காணப்படுவதில்லை. அவன் ஜெபித்தான், துதித்தான், குழந்தைக்காக உபவாசித்து அழுதான், அப்சலோமுக்குத் தப்பி ஓடுகையில் அகித்தோப்பேலின் ஆலோசனை பைத்தியமாகும்படி வேண்டினான். ஆனால் கேகிலாவுக்குப் போகும் முன்பும், சிக்லாகிலிருந்து பகைவரைப் பின்தொடரும் முன்பும், சவுல் மாண்டபின் யூதாவின் எந்தப் பட்டணத்துக்குப் போகலாம் என்றும் ஒவ்வொரு படியிலும் கேட்ட அந்தக் குரல் அரமனை வாழ்வில் கேட்கவில்லை. ஓடி ஒளிந்த நாட்களில் கேட்டவன் ஆண்டு அனுபவித்த நாட்களில் கேட்பதைக் குறைத்துக்கொண்டான். பத்சேபாளைக் குறித்து விசாரிக்க ஆள் அனுப்பினான் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதே விசாரித்தல், திசைதான் வேறு. உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரும்போதும் ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் தலைவரானவர்களோடு ஆலோசனை பண்ணினான் என்று முதலாம் நாளாகமம் 13 கூறுகிறது. நல்ல நோக்கம், பெரும் கூட்டம், புது இரதம், எல்லாம் இருந்தன, ஊசா மாண்டான். நியாயமானபடி தேவனைத் தேடாததே காரணம் என்று பின்பு தாவீதே ஒப்புக்கொண்டான்.

இக்காலத்து விசுவாசியிடம் ஏபோத்தும் ஊரீமும் இல்லை. வேதவசனம் உண்டு, ஜெபம் உண்டு, பரிசுத்த ஆவியானவரின் உணர்த்துதல் உண்டு, உடன் விசுவாசிகளின் ஆலோசனை உண்டு, திறக்கப்படுகிற வாசல்களும் அடைக்கப்படுகிற வாசல்களும் உண்டு. இவற்றில் ஒன்றைமட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுகிறவன் விரைவில் வழிதவறுகிறான். குறிப்பாக, கர்த்தர் எனக்குச் சொன்னார் என்ற ஒரு வாக்கியம் இன்று சபைகளிலும் குடும்பங்களிலும் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மகளின் சம்மதமில்லாத திருமணத்துக்கும், உடன் ஊழியரைக் கலந்துகொள்ளாத இடமாற்றத்துக்கும், கடன்பட்டுக் கட்டும் கட்டடத்துக்கும் அது காரணமாகக் காட்டப்படுகிறது. அந்த வாக்கியம் உச்சரிக்கப்பட்டபின் யாரும் வாய் திறக்க முடியாது. தேவ வழிநடத்துதலைத் தேடுகிறவன் கேள்விகளுக்கு அஞ்சமாட்டான். பிறரின் வாயை அடைக்கத் தேவ நாமத்தைப் பயன்படுத்துகிறவனிடம் இருப்பது தாழ்மையின் ஆடை உடுத்திய மேட்டிமையே.

தீர்க்கதரிசியாகிய நாத்தானை இதற்கு எதிராக வைத்துப் பார்க்கலாம். ஆலயம் கட்டும் விருப்பத்தைத் தாவீது தெரிவித்தபோது, இருதயத்தில் உள்ளபடி செய்யும், கர்த்தர் உம்மோடிருக்கிறார் என்ற கருத்தில் நாத்தான் பதிலளித்தான். சொன்னவன் தீர்க்கதரிசி, கேட்டவன் ராஜா, விருப்பமோ பரிசுத்தமானது. அன்று ராத்திரியே தேவன் வேறு வார்த்தை கொடுத்தார். நாத்தான் திரும்பவும் ராஜாவிடம் போய், தான் சொன்னதற்கு மாறானதைச் சொல்ல வேண்டியதாயிற்று. தீர்க்கதரிசியின் மதிப்பு குறைந்துபோகுமே என்று அவன் தயங்கியதாக எழுதப்படவில்லை. தாவீதும் முகம் சுளிக்கவில்லை. தேவசமுகத்தில் போய் உட்கார்ந்து, நான் எம்மாத்திரம் என்ற நன்றியின் ஜெபத்தை ஏறெடுத்தான். பின்பு தான் கட்டப்போகாத ஆலயத்துக்காகப் பொன்னையும் வெள்ளியையும் கேதுரு மரங்களையும் சேர்த்து வைத்தான்.

தான் வகுத்த நல்ல திட்டத்தைத் தேவன் மாற்றும்போது அதை விட்டுக்கொடுத்த ஒருவரின் வரலாறு இந்திய மண்ணிலும் உண்டு. வில்லியம் கேரி 1761-இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். 1793-இல் வங்காளம் வந்து சேர்ந்தார். வடவங்காளத்தில் மத்னாபதி என்னும் ஊரில் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்வையிட்டுக்கொண்டே வேதத்தை வங்காள மொழியில் பெயர்த்தார். ஆறு ஆண்டுகள் சென்றும் அந்நாட்டவரில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. அவர் மனந்தளராமல், அருகே கிதிர்ப்பூரில் ஓர் அவுரித் தொழிற்சாலையை வாங்கி, இங்கிலாந்திலிருந்து வரவிருந்த குடும்பங்களோடு அங்கே கூட்டாக வாழ்ந்து ஊழியம் செய்யத் திட்டமிட்டிருந்தார்.

1799 அக்டோபரில் மார்ஷ்மனும் வார்டும் மற்றவர்களும் வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் அவர்கள் குடியேற இடங்கொடுக்கவில்லை. டென்மார்க்கின் ஆளுகையிலிருந்த செராம்பூர் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. கேரி மூத்தவர், நாட்டையும் மொழியையும் அறிந்தவர். வந்தவர்களோ புதியவர்கள். தம்மிடம் அவர்கள் வருவதே முறை என்று அவர் பிடிவாதமாக இருந்திருந்தால், குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. அவரோ கிதிர்ப்பூரை நஷ்டத்தோடு விட்டுவிட்டு, 1800 ஜனவரி 10-ஆம் தேதி செராம்பூர் வந்து புதியவர்களோடு சேர்ந்துகொண்டார். அங்கே ஒரே பந்தி, ஒரே பணப்பை; தலைவர் என்று ஒருவரும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் தேதி கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு வங்காளப் புதிய ஏற்பாடு அச்சேறியது. கம்பெனி அடைத்த வாசலே இதற்கெல்லாம் வழியாயிற்று.

கேரியின் வாழ்வில் பக்தி நூல்கள் விரைந்து கடந்துபோகும் பக்கம் ஒன்றும் உண்டு. அவருடைய மனைவி டாரதி இந்தியா வர முதலில் மறுத்தார். அப்போது அவர் கர்ப்பவதி. கேரி மூத்த மகனைமட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அனுமதியில்லாத பயணம் என்று ஆங்கிலேயக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டுத் தாமதம் நேர்ந்தது. அந்த இடைவெளியில் டாரதி, தம் சகோதரி துணைக்கு வர, அவசர அவசரமாக இணங்க வைக்கப்பட்டார். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் மரித்தான். அதன்பின் டாரதியின் மனநிலை குலைந்தது. 1807-இல் இறக்கும்வரை அவர் தெளியவில்லை. கணவரின் அழைப்பு மெய்யானது என்பதில் ஐயமில்லை. மனைவியின் பயத்தையும் தேவன் பேசும் வழிகளில் ஒன்றாக எண்ணி, அதற்குச் செவிகொடுக்க இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாகாதா என்ற கேள்வி எழாமல் இராது. முசுக்கட்டைச் செடிகளின் ஓசைக்குக் காத்திருப்பது பெரியவர்களுக்கும் எல்லா நாளும் கைகூடுவதில்லை.

1812 மார்ச் 11-ஆம் தேதி மாலை செராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பற்றியது. வார்டு கதவுகளையும் ஜன்னல்களையும் அடைத்து, கூரையைத் துளைத்துத் தண்ணீர் ஊற்றச் செய்தார். நெருப்பு ஏறத்தாழ அடங்கிய வேளையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட, காற்றுப் புகுந்து கட்டடம் முழுவதும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பல மொழி எழுத்துவார்ப்புகள், காகிதங்கள், இலக்கணக் கையெழுத்துப் பிரதிகள், பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதி ஆகியவை அழிந்தன. கேரி அப்போது கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரிப் பணியில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் சென்று செய்தியைச் சொன்னார்.

இந்த இழப்பைக் கேரி ஏற்றுக்கொண்ட விதம்தான் வியப்பானது. தீக்கு யார் காரணம் என்று அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை. சில காரியங்களைத் தாம் கூடியமட்டும் செம்மையாக முடித்திருந்ததையும், மிஷன் ஸ்தாபனத்தைச் சற்று அதிகமான சுயதிருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்ததையும் அறிக்கையிட்டு, தம்மை இன்னும் எளிமையாய் நோக்கிப் பார்க்கும்படி கர்த்தர் தாழ்த்தினார் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 46-ஆம் சங்கீதத்தின் 10-ஆம் வசனத்தை எடுத்து, தம்முடைய சித்தப்படி நடப்பிக்கத் தேவனுக்குள்ள உரிமையையும், அதற்கு அமர்ந்து பணியவேண்டிய மனிதனின் கடமையையும் குறித்துப் பிரசங்கித்தார். ஒருமுறை நடந்த பாதையில் மறுபடி நடப்பது எளிதாயும் நிச்சயமாயும் இருக்கும் என்று நண்பருக்கு எழுதிவிட்டு மொழிபெயர்ப்பைத் திரும்பத் தொடங்கினார். அகராதி திரும்ப எழுதப்படவேயில்லை.

விருந்தொன்றில் தம்முடைய பழைய தொழிலை இகழ்ந்தவருக்கு அவர் அளித்த பதிலே பிரசங்க மேடைகளில் கேரியின் தாழ்மைக்குச் சான்றாக அடிக்கடி சொல்லப்படுகிறது. இந்த அறிக்கை அதைவிடக் கனமானது. பிறர் இகழும்போது தாழ்ந்து நிற்பது ஒன்று. எரிந்துகிடக்கும் தன் உழைப்பின் நடுவே தன் பெருமிதத்தைத் தானே சுட்டிக்காட்டுவது வேறு.

தீயின் செய்தி இங்கிலாந்தை எட்டியதும் காணிக்கைகள் குவிந்தன. சில வாரங்களுக்குள் இழப்பு முழுவதும் ஈடாயிற்று. செராம்பூரின் பெயரை அதுவரை அறியாதவர்களும் புகழத் தொடங்கினார்கள். அப்போது மிஷனரி சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர் செராம்பூருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்திருந்தது. இந்தப் புகழ்ச்சி தூபத்தைப் போன்றது, அதை நாம் முகர்ந்தால் தேவன் தம்முடைய ஆசீர்வாதத்தை எடுத்துக்கொள்ளக்கூடும் என்று அவர் எச்சரித்தார். அழிவில் அவர்கள் விழவில்லை. ஆதரவில் விழுந்துவிடுவார்களோ என்பதே அவருடைய கவலை. பாகால்பிராசீமில் வென்று திரும்பிய தாவீதுக்கு அருகில் அப்படி ஒரு நண்பன் இருந்தானோ என்று தெரியாது.

கேரி 1834 ஜூன் 9-ஆம் தேதி செராம்பூரில் மரித்தார். அதற்குள் வேதத்தின் முழுமையோ பகுதியோ ஏறத்தாழ 40 மொழிகளில் அந்த அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்திருந்தது. தம் கல்லறையில் எழுத வேண்டியதை அவர் முன்பே குறித்து வைத்திருந்தார். அவருடைய பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும், அதன்கீழ் ஐசக் வாட்ஸின் பாடலிலிருந்து இரண்டு வரிகளும் அந்தக் கல்லில் உள்ளன. தன்னிடம் ஒன்றுமில்லாத ஒருவன் தேவனுடைய கரங்களில் விழுவதை அவ்வரிகள் சொல்லுகின்றன. மொழிகளின் பட்டியல் அதில் இல்லை.